கண்டுபிடித்து என்ன பயன்?

அன்புள்ள இளங்கோ,

மார்ஃபான் நோய்க்குறி மரபணுவோடு பிறப்பது, மாற்ற முடியாதது, பிறகு கண்டுபிடித்து என்ன பயன் என்று எழுதியிருந்தாய். இறுதியாண்டு மருத்துவ மாணவன் கேட்கிற கேள்வியா இது?

ஃபைப்ரிலின் பாடமெல்லாம் உனக்குத் தெரியும். ஃப்ளோ ஹைமனைத் தெரியுமா? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் அணியின் நட்சத்திரம். ஆறடி ஐந்தங்குல உயரம், நீண்ட கைகள், கிட்டப்பார்வை. பார்த்தவர்களெல்லாம் ஆட்டத்துக்கென்றே வார்த்த உடம்பு என்றார்கள். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானின் மட்சுவே நகரில், ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. மாரடைப்பு என்று முதலில் நினைத்தார்கள். மார்ஃபானால் பெருந்தமனி கிழிந்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பிறகு தம்பியைச் சோதித்தார்கள். அவருக்கும் அதே நோய். அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பயன் என்ன என்று அந்தத் தம்பியிடம் கேள்!

லிங்கனுக்கும் மார்ஃபான் இருந்தது என்று புகைப்படத்தை வைத்துச் சாதிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அது வைத்தியமல்ல, ஜோசியம். 1896இல் மார்ஃபான் விவரித்த சிறுமிக்கே இருந்தது வேறொரு நோயாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். சரி, எங்கோ போய்விட்டேன்.

ஒல்லியாக, நெட்டையாக ஒரு பையன் வந்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல். சுண்டுவிரல் பக்கம் நகம் முழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவனி. அதை மட்டும் வைத்து முத்திரை குத்தாதே. கண் வில்லை விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல், எக்கோ எடு. நோய் உறுதியானால் ஆண்டுதோறும் பெருந்தமனியின் வேரை அளக்க வேண்டும். பீட்டா பிளாக்கரோ லோசார்ட்டனோ கொடுத்தால் அது விரியும் வேகம் குறையும். 5 செ.மீ.யை நெருங்கினால் திட்டமிட்டு அறுவை செய்யலாம். கிழிந்த பிறகு அவசரமாகச் செய்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பளு தூக்குவதும் முட்டி மோதும் ஆட்டங்களும் வேண்டாம், நடக்கட்டும். பெண்ணானால் கருத்தரிக்கும் முன்பே அளந்துவிடு. சிறுநீர்த் தொற்று என்றதும் யோசிக்காமல் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுகிற கையை அடக்கு. பெருந்தமனிக்கு அது ஆகாது.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பெற்றோரிடம் நோய் இருக்காது. அதனால் 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை' என்ற பதிலோடு விட்டுவிடாதே. ஒருவரிடம் கண்டுபிடித்தால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லோரையும் வரவழை. 'மரபு நோய், செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று மட்டும் எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுதாதே.

அன்புடன்,
உன் ஆசிரியன்