டெங்கு வார்டுக்கு எந்தச் செயலி?

கேள்வி: மகள் மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிறாள். போனில் எந்தச் செயலிகள் இருந்தால் உதவும்?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: கிழக்குப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரில் இருந்தாலும், மருத்துவ மாணவர்களின் பாடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வார்டுகளோடுதான். மழை தொடங்கினால் டெங்கும் வந்துவிடும். ஆகவே முதலில் வேண்டியது வெளிநாட்டுச் செயலி அல்ல, சுகாதார அமைச்சின் டெங்கு சிகிச்சை வழிகாட்டி. தொற்றுநோயியல் பிரிவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டத்தில், 50 கிலோ எடையுள்ளவருக்கு 48 மணி நேரத்துக்கு 4,600 மில்லிலீற்றர் திரவம் என்ற கணக்கு எப்படி வருகிறது என்பதை அதில் படிப்படியாகப் பார்க்கலாம்.

நோயாளியின் உணர்வுநிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவு போன்ற கணக்குகளுக்கு எம்டிகால்க் செயலி. மருந்தளவுக்கு மெட்ஸ்கேப்; பதிவு செய்தால் போதும், காசில்லை. மருத்துவத் தகவல்களுக்கு அப்டுடேட் அருமைதான், ஆனால் அதன் சந்தா மாணவர் கைக்கு எட்டாது.

மனனம் செய்ய அங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலி இருக்கிறது. ஆண்ட்ரொய்டில் இலவசம், ஐபோனில் காசு. அடுத்தவர் செய்த ஆயிரம் அட்டைகளை இறக்கி வைப்பதில் என்ன பயன்? அன்று வார்டில் கண்டதை இரவே நாலைந்து அட்டைகளாக எழுதட்டும்.

1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னலையும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். நோயாளியின் படத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.