குளிர்ப் பாலையிற் பசுமைக்குடில்

பாலை என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன வேனிலும் நண்பகலுமே. ஆயினும் தொல்காப்பியனார் பின்பனிக் காலத்தையும் பாலைக்கு உரித்தாக்கினார். இதற்கு உரையாசிரியர் கூறும் அமைதி நிற்க. வெண்பனியும் வறுநிலமும் ஒருங்கே அமைந்த நாடு ஒன்று உண்மையிலேயே உளது. அஃது இமயப் பெருந்தொடரின் வடபாலுள்ள லடாக். அங்கு மக்கள் மின்விசையும் அடுப்புமின்றிக் குளிர்காலத்திற் கீரை விளைவிக்கும் முறையினை ஈண்டு ஆராய்வோம்.

லே நகரம் கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ளது. பருவக்காற்றை மலைத்தொடர் மறித்து விடுதலால், ஆண்டு முழுதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டரே. எம்மூராகிய திருப்போரூரில் ஐப்பசிப் புயலொன்று இதனை ஓரிரு நாளிற் பொழிந்துவிடும்! லேயின் குளிர்கால இரவுகளிற் குளிர் சுழிக்குக் கீழ் 20 பாகை வரையிலும் இறங்குவதுண்டு. கணவாய்கள் பனியால் அடைபட்ட திங்கள்களில், சேமித்த உருளைக்கிழங்கும் உலர்த்திய கீரையுமே நெடுங்காலம் அம்மக்களின் கறியுணவாக இருந்தன. விமானத்தில் வந்திறங்கும் காய்கறியின் விலை எளியோர்க்கு எட்டுவதன்று. வெயிலுக்கோ குறைவில்லை, ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் வானம் தெளிந்திருக்கும். பகலில் வரும் வெப்பத்தை இரவுவரை வைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதே வினா.

அங்குள்ள குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். சரிந்த தென்முகம் ஒன்றே பாலிதீன் தாளால் மூடப்படும். ஏனை மூன்று பக்கங்களும், சூளையிலிடாது வெயிலில் உலர்த்திய மண்கற்களால் இரட்டைச் சுவராக எழுப்பப்படும். இரு சுவர்க்கும் இடையே வைக்கோலோ உலர்புல்லோ திணிப்பர். வடசுவரின் உட்புறத்திற்குக் கரிய வண்ணம் பூசுவர். வடபாற் கூரை மரக்கழிகளின்மேல் வேய்ந்தது. லே வடக்கே 34 பாகையில் இருத்தலின், மார்கழியில் நண்பகற் கதிரவன் அடிவானினின்று ஏறத்தாழ 33 பாகையே எழுகின்றான். தாழ்ந்து வரும் அக்கதிர்கள் தாளை ஊடுருவி நேரே கருஞ்சுவரைத் தாக்குகின்றன. பகலெல்லாம் வெப்பத்தை உண்ட சுவர் இரவில் அதனை மெல்ல உமிழ்கின்றது. மாலையில் தாளின் உட்புறத்தே துணித்திரை இழுத்து, காலையில் நீக்குவர். நண்பகலிற் கதவும் கூரைத்துளையும் திறத்தல் வேண்டும். இன்றேல் ஈரம் மிகுந்து பயிர் நோயுறும்.

குடிலின் உயிர் பாலிதீனில் உளதெனப் பலர் கருதுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. தாள் வெயிலை உள்ளே விடுவது, காப்பது சுவரே. சுவரின்றி வளைவுக்கம்பியின்மேல் தாள் மட்டும் போர்த்திய கூடாரம், தெளிந்த வானின்கீழ் விரைவிற் குளிர்ந்து போகும்.

ஜெரஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் உள்ளூர்ச் சங்கங்களுடன் கூடி இக்குடில்களைச் சிற்றூர்களிற் பரப்பி, 2009ஆம் ஆண்டு ஆஷ்டன் பரிசு பெற்றது. 1962 முதல் லேயில் இயங்கும் பாதுகாப்புத்துறை ஆராய்ச்சிக்கூடம், நிலத்தைச் சுமார் மூன்றடி அகழ்ந்து மேலே தாள் மூடும் குழிமுறையை வளர்த்தது. அங்கே மண்ணே சுவராகின்றது; செலவும் குறைவு. ஒரு குறை மட்டும் உண்டு. உயர்நிலத்துப் புறவூதாக் கதிர்கள் சாதாரணத் தாளை விரைவில் வெடிக்கச் செய்யும். அதனைத் தாங்கும் தாளும் சில ஆண்டுகளே உழைக்கும். புதிய தாள் சமவெளியினின்றே மலையேற வேண்டும். மின்கம்பியைத் துறந்த குடில் தொழிற்சாலையைத் துறந்ததன்று.

இதனையே திருப்போரூரில் எழுப்பினால் என்னவென நண்பர் ஒருவர் வினவினார். யாம் உடன்படவில்லை. இங்கே மார்கழியிலும் நண்பகற் கதிரவன் 54 பாகை ஏறி நிற்கின்றான். சித்திரை முற்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகலில் வடபாலே நிற்கின்றான். கடற்காற்றின் ஈரம் இரவிலும் வெப்பத்தை விடாது. அக்குடிலுள் நாற்று வெந்தே போகும். நமக்கு வேண்டுவது நிழலும் காற்றோட்டமுமே. இந்நாளில் நிழல்வலை அதனைச் செய்கின்றது. நம் முன்னோர் காவிரிக்கரைக் கொடிக்கால்களில் வெற்றிலைக்கு முன்னரே அகத்தியை விதைத்து, அதன் நிழலிற் கொடியை ஏற்றினர். கோடைக்குத் தழைக்க விட்டு, மழைக்காலத்து மப்பில் ஒளி புகும்படி நுனி வெட்டுவர். வெட்டிய தழை ஆடுமாடுகளுக்கு உணவாகும்.