பற்றீரியாவில் புரதச் சிதைப்புத் தொகுதிகள்: கட்டமைப்பும் ஒன்றுசேர்தலும்

மாணவர்களே, புரதத் தொகுப்பு பற்றிக் கேட்டால் இறைபோசோம், தூது ஆர்.என்.ஏ. என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். தொகுக்கப்பட்ட புரதம் பழுதடைந்தால் பற்றீரியா அதனை என்ன செய்யும் என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. சிலர் "இலைசோசோம் சிதைக்கும்" என எழுதுவர். பற்றீரியாவுக்கு இலைசோசோம் ஏது? அந்த விடைக்குப் புள்ளி கிடையாது.

புரதத்தை வெட்டும் நொதியங்கள் குழியவுருவில் கட்டுப்பாடின்றித் திரிந்தால் நல்ல புரதங்களையும் வெட்டிவிடும். ஆகவே வெட்டும் உயிர்ப்பு மையங்கள் ஒரு மூடிய அறையினுள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. உள்ளே போவது எது என்பதை வாயிலில் உள்ள வேறொரு புரதம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டு வசனங்களும் விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது.

அறை

நன்கு ஆராயப்பட்டது எஸ்சரிக்கியா கோலையின் கிளிப்-பி ஆகும். இதன் முப்பரிமாண அமைப்பு 1997இல் வெளியானது. ஏழு உபஅலகுகள் சேர்ந்து ஒரு வளையம். இரு வளையங்கள் முகத்துக்கு முகம் பொருந்தி 14 உபஅலகுகள் கொண்ட பீப்பா. உள்ளறையின் விட்டம் ஏறத்தாழ 5 நனோமீற்றர், வாயில் ஏறத்தாழ 1 நனோமீற்றர் மட்டுமே. ஒவ்வோர் உபஅலகிலும் செரின், ஹிஸ்ரிடின், அஸ்பாற்றிக்கமிலம் என்னும் மூன்று அமினோவமிலங்கள் கூடி ஓர் உயிர்ப்பு மையத்தை ஆக்குகின்றன. எனவே ஓர் அறைக்குள் 14 வெட்டும் இடங்கள். பெப்ரைட்டுப் பிணைப்பு அங்கேதான் நீர்ப்பகுப்படைகிறது.

வாயில்

மடிந்த புரதம் 1 நனோமீற்றர்த் துவாரத்தினூடு புகாது. சிக்கலான நூற்பந்தை ஊசிக் காதில் போட முடியுமா? நுனியைப் பிடித்து இழுத்துப் பிரித்துத்தான் கோர்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிளிப்-எக்ஸ் அல்லது கிளிப்-ஏ. ஆறு உபஅலகுகள் கொண்ட இவ்வளையம் ஏ.ரி.பி.யை நீர்ப்பகுத்துப் பெறும் சக்தியால் புரதத்தை விரித்து அறைக்குள் தள்ளுகிறது. வெட்டுவதற்கு அல்ல, விரித்து உட்செலுத்தவே ஏ.ரி.பி. தேவை. சிறிய பெப்ரைட்டுகளைக் கிளிப்-பி தனியாகவே வெட்டும். இவ்விடத்தில்தான் பலர் புள்ளி இழக்கிறார்கள்.

ஆறு கொண்ட வளையம் ஏழு கொண்ட வளையத்தின் மேல் எப்படி அமரும்? கிளிப்-எக்ஸின் ஆறு தடங்கள் கிளிப்-பியின் நீர்வெறுப்புள்ள குழிகளில் கொளுவுகின்றன. ஏழாவது குழி வெறுமையாகவே இருக்கும். இயற்கைக்குக் கணக்குப் பிசகவில்லை; பொருத்தம் சற்றுத் தளர்வாக இருந்தும் இயந்திரம் நன்றாகவே இயங்குகிறது.

எந்தப் புரதம் உள்ளே போக வேண்டும் என்பதற்கு அடையாளமும் உண்டு. முடிவுக் குறியீடு இல்லாத தூது ஆர்.என்.ஏ.யில் இறைபோசோம் சிக்கிக்கொண்டால், குறைச் சங்கிலியின் முனையில் 11 அமினோவமிலங்கள் கொண்ட வால் ஒட்டப்படும். கிளிப்-எக்ஸ் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும்.

லொன் நொதியத்தில் விரிக்கும் பகுதியும் வெட்டும் பகுதியும் ஒரே சங்கிலியில் உள்ளன. எவ்.ரி.எஸ்.எச். மென்சவ்வில் பதிந்துள்ளது. இவை பெயரளவில் போதும்.

காசநோய்க் கிருமி

மைக்கோபற்றீரியம் ரியூபர்குளோசிசு கிருமியை றொபேட் கொக் 1882இல் அறிவித்தார். நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. கொழும்பு மாவட்டமே முன்னிற்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருக்கமான வீடுகளில் வாழும் நமக்கு இது வெறும் வினாத்தாள் விடயமன்று.

இக்கிருமியில் கிளிப்-பி1, கிளிப்-பி2 என இருவகை உபஅலகுகள். ஒவ்வொன்றும் தனித்தனி வளையமாகும். இரண்டும் இணைந்தால்தான் உயிர்ப்பு வரும். இதைவிட, யூக்கரியோட்டாக்களில் காணப்படும் புரொட்டியசோமும் இதற்கு உண்டு. "பற்றீரியாவில் புரொட்டியசோம் இல்லை" என்பது அக்ரினோபற்றீரியாக்களுக்குப் பொருந்தாது. நான்கு வளையங்கள், 28 உபஅலகுகள். பாதித் தொகுதிகள் இரண்டு இணையும்வரை உட்புற உபஅலகுகளின் முனையில் ஒரு துண்டு மூடியாக இருக்கும். இணைந்த பின் அது தானாக வெட்டுண்டு, திரியோனின் வெளிப்பட்டு உயிர்ப்படைகிறது. பெருந்தின்கலம் வெளிவிடும் நைத்திரிக் ஒட்சைட்டைத் தாங்க இக்கிருமிக்குப் புரொட்டியசோம் அவசியம் என்பது 2003இல் தெரியவந்தது. அடையாளமாக ஒட்டப்படுவது யுபிகுயிற்றின் அல்ல, 'பப்' எனும் சிறுபுரதம். அது 2008இல் அறியப்பட்டது. (யுபிகுயிற்றின் வழிச் சிதைப்புக்கு 2004இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.)

நோயாளர் முதல் இரண்டு மாதங்களில் உட்கொள்ளும் மருந்துகளுள் ஒன்று பைரசினமைட்டு. கிருமிக்குள் அது பைரசினோயிக்கமிலமாகி, துணைநொதியம் ஏ தொகுப்புக்கு வேண்டிய பான்-டி நொதியத்துடன் பிணைகிறது. அப்படிப் பிணைந்த பான்-டியைக் கிளிப்-சி1 பிடித்துக் கிளிப்-பி அறைக்குள் தள்ளிவிடுகிறது என 2020இல் ஆய்வாளர் காட்டினர். கிருமியின் குப்பை இயந்திரமே கிருமிக்குத் தேவையான நொதியத்தை அழிக்கிறது! கிளிப்-சி1இலோ பான்-டியிலோ விகாரம் ஏற்பட்டால் கிருமி இம்மருந்துக்கு எதிர்ப்புப் பெறக்கூடும்.

மாதிரி வினா

கிளிப்-எக்ஸ் இல்லாத பற்றீரியாவில் கிளிப்-பி மட்டும் இருப்பின், மடிந்த புரதமும் ஐந்து அமினோவமிலங்கள் கொண்ட பெப்ரைட்டும் எவ்வாறு பாதிக்கப்படும்? (6 புள்ளிகள்)

விடையில் வாயிலின் அளவு, ஏ.ரி.பி.யின் பணி, பெப்ரைட்டு தானே நுழைதல் ஆகிய மூன்றும் வரவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. கிளிப்-ஏ உள்ள இனமாயின் மடிந்த புரதங்கள் சில அதனூடாகச் சிதையலாம் என்று எழுதுபவரை நான் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டுவேன்.