குதிரைக்கால் புண்ணும் சீனத்து மஞ்சள் பொடியும்

விளையாடும்போது முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் என்ன ஆகிறது? இரண்டொரு நாளில் பொருக்குக் கட்டும்; சில நாளில் அது உதிர்ந்து புதுத்தோல் தெரியும். ஆனால் முள்கம்பி வேலியில் சிக்கிக் காலில் தோல் கிழிந்த குதிரையின் புண், மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பதுண்டு. ஏறத்தாழ 500 கிலோ எடையை நான்கு மெல்லிய கால்களில் சுமக்கும் விலங்குக்கு இது சிறு தொல்லையன்று. கால் போனால் குதிரையே போயிற்று!

காலில் மட்டும் ஏன் தாமதம்?

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை எனலாம். எலும்பு, தசைநாண், அவற்றின்மேல் இறுக்கமான தோல், அவ்வளவுதான். இரத்த ஓட்டமும் குறைவு. புண் மூடுவதற்குத் தோல் செல்கள் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஊர்ந்து வரவேண்டும். உடற்பகுதியில் இவை நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் நகர்கின்றன. காலிலோ சுமார் 0.09 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமிருந்தும் செல்கள் 18 மில்லிமீட்டர் வரவேண்டும். உடலில் இதற்கு 90 நாள்; காலில் 200 நாள்! விளிம்புகள் சுருங்குவதாலும் புண் சிறிதாகும். ஆனால் காலில் அந்தச் சுருக்கமும் குறைவே.

இன்னொரு தொல்லையும் உண்டு. புண்ணை நிரப்ப வளரும் சிவந்த புதுச்சதை, அளவு மீறித் தோலுக்கு மேலே புடைத்துவிடும். அந்த மேட்டின்மீது தோல் செல்களால் ஏற முடிவதில்லை. இச்சதையில் நரம்புகள் இல்லை, வெட்டினால் வலிக்காது. ஆனால் இரத்தம் பெருகும்.

சீனர்கள் கையாண்ட முறை

போருக்கும் தபாலுக்கும் குதிரையையே நம்பிய சீனர்கள் அதன் மருத்துவத்தை நூலாக எழுதி வைத்தனர். யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்களின் 'யுவான் ஹெங் லியாவ் மா ஜி' 1608இல் வெளிவந்தது. சீன மொழியில் 'மா' என்றால் குதிரை. நம் பழந்தமிழிலும் 'மா' குதிரையைக் குறிக்கும். இது தற்செயலான ஒற்றுமையே!

சென் ஷிகோங் 1617இல் எழுதிய மனித அறுவை மருத்துவ நூலில் 'தங்க மஞ்சள் பொடி' என்ற மருந்து வருகிறது. சூடான வீக்கத்தின்மேல் பூசும் இப்பொடியில் நம் வீட்டு மஞ்சளும் உண்டு. ஹுவாங் பாய் என்னும் மரப்பட்டையும் அதில் சேரும். அப்பட்டையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். நம் நாட்டு மரமஞ்சளிலும் இதே பெர்பெரின் இருக்கிறது. சோதனைக்குழாயில் இது பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. புண்ணைச் சுற்றி வட்டமாக ஊசி குத்தும் முறையும் சீன மருத்துவத்தில் உண்டு.

பலன் உண்டா?

இங்கேதான் நீங்கள் விஞ்ஞானியாக வேண்டும். சோதனைக்குழாயில் வென்ற மருந்து, அழுக்கும் அசைவும் மிகுந்த குதிரைக்காலிலும் வெல்லும் என்று சொல்ல முடியாது. யுன்னான் பாய்யாவ் என்ற பொடியைப் பாருங்கள். 1902இல் சூ ஹுவான்சாங் உருவாக்கிய இது, இரத்தக்கசிவை நிறுத்தும் எனப் புகழ்பெற்றது. குட்டைக் குதிரைகளில் நடந்த ஒரு சோதனையில் இரத்தம் நிற்கும் நேரம் குறைந்தது. நலமான குதிரைகளில் பின்னர் நடந்த வேறொரு சோதனையில் மாற்றமே தெரியவில்லை! மருந்தின் முழுக் கலவையும் இரகசியமாகவே வைக்கப்பட்டது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிறகு எப்படி அறிவது?

பழமையானது என்பதாலேயே ஒன்றை ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை காயம்பட்ட குதிரைக்குச் செய்யத்தக்கது, சுத்தமான நீரால் கழுவுவதும் கால்நடை மருத்துவரை உடனே அழைப்பதும்தான். குதிரையை வில்வாதக் கிருமி, அதாவது டெட்டனஸ், மிக எளிதில் தாக்கும், தடுப்பூசி கட்டாயம். கையில் கிடைத்த பொடியைப் புண்ணில் அள்ளித் தூவிவிடாதீர்கள்.

சிந்தியுங்கள்: ஒரு குதிரையின் புண்ணில் மருந்து பூசினோம்; அது ஆறிவிட்டது. மருந்துதான் ஆற்றியது என்று கூற இது போதுமா? போதாதெனில், வேறு எத்தனை குதிரைகளை, எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்?