பொது வோல்ற்றளவும் அதன் எல்லையும்

இலக்கணம் பயில்வோர் பொது, சிறப்பு எனும் இரண்டையும் வேறுபடுத்தி அறிவர். மின்னணுவியலிலும் இப்பாகுபாடு உண்டு. இரு கம்பிகளின் வோல்ற்றளவுகள் முறையே 3, 2 எனின், வித்தியாசமாகிய 1 வோல்ற்றே செய்தி, சராசரியாகிய 2.5 வோல்ற்று இரண்டுக்கும் பொது. வித்தியாசத்தைப் பெருக்கிப் பொதுவை விலக்குதலே வித்தியாச விரியலாக்கியின் தொழில். வெற்றிடக் குழாய்களாலான இத்தகைய இணையொன்றுக்கு ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆலன் புளும்லைன் 1936இல் காப்புரிமை கோரினார்.

விலக்கப்படுவதுதானே என்று பொதுவை மாணாக்கர் கருதாது விடுதல் கூடாது. அஃது எல்லைக்குள் நிற்கும்வரையே விலக்கப்படும். பெய்ப்பிலுள்ள இரு திரான்சிற்றர்களின் காலிகளும் ஒரு மின்னோட்ட முதலிற் சேர்கின்றன. என்பிஎன் வகையில் அடிக்கும் காலிக்குமிடையே ஏறத்தாழ 0.7 வோல்ற்றும், மின்னோட்ட முதலுக்கு ஏறத்தாழ 0.3 வோல்ற்றும் வேண்டும். ஆகவே பெய்ப்பு 1 வோல்ற்றிற் குறையின் மின்னோட்டம் தளரும், பயப்பு உருக்குலையும்.

இனி, பெய்ப்போடு பயப்பும் இரண்டாகவுள்ள முழு வித்தியாச விரியலாக்கியை நோக்குவோம். வழங்கல் 5 வோல்ற்று. பயப்பின் பொது வோல்ற்றளவு 2.5, பெய்ப்புத் தடையிகள் 500 ஓம், பின்னூட்டல் தடையிகள் 1000 ஓம், ஆதலின் நயம் 2. செய்தி முதலின் பொது வோல்ற்றளவு பூச்சியமாயின், விரியலாக்கியின் முடிவிடங்களில் நிற்பது 2.5இல் மூன்றிலொரு பங்கு, அதாவது 0.83 வோல்ற்று. இஃது எல்லைக்குக் கீழானது. பயப்பின் நடுநிலையைச் செவ்வையாக அமைத்தும் சுற்று இயங்காமைக்குக் காரணம் இதுவே. குறை உறுப்பினதன்று; கணக்கினதே.

ஒரு பெய்ப்பைப் புவியோடிணைத்து, மற்றதில் மட்டும் 1 வோல்ற்று வீச்சமுள்ள செய்தியை ஊட்டின் நிலைமை மேலும் இடர்ப்படும். ஒவ்வொரு பயப்பும் 1.5 முதல் 3.5 வரை அசைய, முடிவிடங்களும் உடன் அசைந்து 0.5 வோல்ற்று வரை தாழும்.

பரிகாரம் பலவுள. இரு முனைகளிலும் ஊட்டும்போது நயத்தை 1 ஆக்கின், முடிவிடம் 1.25 வோல்ற்றாகும். முதலின் பொது வோல்ற்றளவை 1 ஆக உயர்த்தின், 1.5 ஆகும். எதிர் வழங்கல் சேர்த்தலும், புவிமட்டம்வரை ஏற்கும் பிஎன்பி பெய்ப்புள்ள விரியலாக்கியைத் தெரிதலும் பிற வழிகள். மேலெல்லையும் உண்டென்பதை மறத்தலாகாது.

சுற்றை இணைக்குமுன் இச்சிறு கணக்கைச் செய்துபார்க்குமாறு இளைஞரை வேண்டுகின்றோம். சிறப்பை நாடுவோர் பொதுவைப் பேணல் வேண்டும்.