எல்லா வரியும் என் பெயரில்

இயற்கை விவசாயக் குறிப்புகளை எங்கள் பதினொரு பேர் குழு இரண்டு வருடமாகக் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் எழுதி வந்தது. 2021 ஆவணியில் அதைத் திறக்கவே திணறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒழுங்குபடுத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நகல் எடுத்தேன், அதைச் சீர்செய்தேன், புது இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினேன், குழப்பம் வேண்டாமென்று பழைய கோப்பை நீக்கினேன்.

‘மேக் எ காப்பி’ கொடுத்தால் எழுத்து மட்டும்தான் வரும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு பழைய கோப்போடு நின்றுவிடும். புதுக் கோப்பின் வரலாறு என் பெயரில்தான் தொடங்கியது. டிரைவின் குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துபோகும். நான் தேடிப் போனது 41-ஆம் நாள்.

தேட வைத்தது ஒரே ஒரு வரி. பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்க வேண்டும். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. எங்கள் கோப்பில் ‘3 லிட்டர்’ என்று இருந்தது. திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படியே அடித்துவிட்டார். காலையில் போனுக்குப் படம் வந்தது: நாற்றங்காலில் ஒரு பாத்தி முழுக்க இலை நுனி கருகி நின்றது. “நீங்க எழுதினதப் பார்த்துத்தான் தம்பி அடிச்சேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து எல்லோர் முன்னும் காட்டினார். என் பெயர். அந்த வரியை நான் தொட்டதே இல்லை. “மில்லிக் கணக்கு விவசாயிக்குப் புரியாது, எல்லாத்தையும் லிட்டர்ல போடுங்க” என்று நான் நகல் எடுப்பதற்கு முந்தின மாதமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் யாரென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ‘.3’ என்று போடும்போது புள்ளி விட்டுப்போயிருக்கும். கைத்தவறு யாருக்கும் வரும். ஆனால் அன்றைக்கு அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பழைய கோப்பில் மற்றவர்களின் திருத்தும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால் போதும். ஒரு நிமிட வேலை.

பிறகு விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கிக்கு மாறினோம். நிறுவுவதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான், அதை விடுங்கள். அதில் ஒவ்வொரு சேமிப்பும் தனிப் பதிப்பாக நிற்கும்; எந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது பேக்கப். பக்கங்களை ஏற்றுமதி செய்யும்போது ‘இப்போதைய பதிப்பு மட்டும்’ என்ற கட்டம் முதலிலேயே டிக் ஆகி இருக்கும். அதை எடுக்காவிட்டால் நான் செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள். குழு முழுக்க ஒரே லாகின் வைத்துக்கொள்ளாதீர்கள். தொகுப்புச் சுருக்கம் என்ற பெட்டியைக் காலியாக விடாதீர்கள்; யார் சொல்லி மாற்றினீர்கள் என்று ஐந்து வார்த்தையாவது எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பதை நிறுத்துங்கள். அங்கே 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். திருத்தியதாக அடையாளம் இருக்கும், முன்பு என்ன இருந்தது என்று தெரியாது.

எல்லாப் பதிப்பையும் வைத்திருந்தால் இடம் அடைக்கும் என்று எங்கள் குழுவிலேயே இருவர் தடுத்தார்கள். எங்கள் வரலாறு மொத்தமும் ஒரு போன் வீடியோ அளவுகூட இல்லை. யாராவது தொலைபேசி எண்ணைத் தெரியாமல் போட்டுவிட்டால் அந்தப் பதிப்பை மட்டும் மறைக்கலாம். வரிசையில் அதன் இடம் கோடடித்தபடி நிற்கும்.

வரலாற்றைத் தொலைப்பதில் விக்கிப்பீடியாவே அடிபட்டது. 2001 ஜனவரியில் அது யூஸ்மாட்விக்கியில் தொடங்கியது. அந்த மென்பொருள் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருந்து அழித்துவிடும். தொலைந்ததாக நினைத்த ஆரம்பத் தொகுப்புகளை 2010 டிசம்பரில்தான் மீடியாவிக்கி நிரலாளர் டிம் ஸ்டார்லிங் ஒரு பழைய பேக்கப்பில் கண்டெடுத்தார். எனக்கு அப்படி ஒரு பேக்கப் கிடைக்கவில்லை.

அந்த விவசாயியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பஞ்சகவ்யப் பக்கத்தில் இப்போது இருக்கும் ‘300 மில்லி’ அவருடைய டேங்கை அளந்து பார்த்து நான் எழுதியது. சுருக்கத்தில் அப்படியே போட்டிருக்கிறேன். கூட்டத்தில் பேசாமல் இருந்தவரும் எங்கள் விக்கியில் தொடர்ந்து எழுதுகிறார், அவர் பெயரிலேயே. அவர் மாற்றும் ஒவ்வொரு எண்ணையும் முந்தின பதிப்போடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.