புழுப்பாம்பை அறிந்துகொள்வோம்

பகை எது, துணை எது என்று பகுத்தறியாது ஓங்கப்படும் கோல் பல வேளைகளில் துணையின் மீதே விழுந்துவிடுகிறது. மழைக்காலந்தோறும் நம் பெருங்களத்தூர்ப் பகுதித் தோட்டங்களிலும் முற்றங்களிலும் இவ்வாறு வீணே மாளும் உயிர் ஒன்றுண்டு. அதுவே புழுப்பாம்பு. செவிப்பாம்பு என்றும் இதனைச் சிலர் வழங்குவர்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நாணற்பாம்புகள் எனப்படும் சிறு பாம்புகள் 60 இனங்களுக்கும் மேலாக உள்ளன. அவை சருகின் அடியிலும் மண்ணுள்ளும் மறைந்து வாழ்பவை. குலத்தால் வேறாயினும், நம் மண்ணில் அத்தகைய மறைவு வாழ்க்கை நடத்துவது புழுப்பாம்பு. விசாகப்பட்டினத்திலிருந்து பாட்ரிக் ரஸ்ஸல் 1796-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விவரித்த இதற்கு, 1803-இல் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அறிவியற் பெயர் சூட்டினார்.

இதன் நீளம் ஒரு சாணுக்கு மேற்படுவது அரிது. கண்கள் செதிலின் கீழ் இரு புள்ளிகளாகத் தோன்றும். அவை ஒளியையும் இருளையும் மட்டுமே உணரும். மண்புழுவின் உடலில் வளையங்களும் ஈரப்பசையும் காணப்படும். இதன் உடலிலோ வழவழப்பான சிறு செதில்கள் பளபளக்கும். வால் நுனியில் சிறு முள் ஒன்றுண்டு. கையில் எடுத்தால் அது உறுத்தக்கூடும். ஆயினும் அதில் விஷமில்லை. மனிதரைக் கடிக்க இயலாத அளவுக்கு வாயும் சிறியது.

இவ்வினத்தில் பெண் பாம்புகளையே காண்கிறோம். ஆணின்றியே இவை முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. ஆதலின் பூந்தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று கப்பலேறினும், புதிய நாட்டில் ஒரு குலமே தழைத்துவிடும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிலும் இது பரவியது இவ்வாறே.

இதன் உணவு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் புழுக்களுமாகும். நாற்றுக்கும் தறிமரத்துக்கும் கறையான் செய்யும் கேட்டை நாம் அறிவோம். அக்கேட்டை இஃது ஒன்றே ஒழித்துவிடாது. எனினும் கூலி கேளாமல் தன்னாலான பணியைச் செய்கிறது.

சிறிய பாம்பெல்லாம் தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் குட்டிகள் பிறந்த நாள் முதலே விஷமுடையவை. ஐயமிருப்பின் கையால் தொடாமல் விலகி நிற்க வேண்டும். கடிபட்டால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடாது; கடிபட்ட உறுப்பை அசைக்காமல், தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பகுத்தறியும் இவ்வறிவையே தொழிலாக்கிக்கொண்ட கூட்டுறவுச் சங்கம் ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நாகம் முதலிய நால்வகைப் பாம்புகளின் விஷத்தை எடுத்து முறிமருந்து செய்வோர்க்கு வழங்கி, பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நாமும் கோலை ஓங்குமுன் ஒரு கணம் உற்று நோக்குவோமாக. புழுப்பாம்பாயின், முறத்தில் ஏந்தி ஈரமண்ணில் விட்டுவிடுவோமாக.